பெட்டா மீனின் நடத்தையைப் படிப்பது எப்படி: மொரிசியஸ் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

இங்கே குளிர்காலமான ஆடி மாதத்தில், மேட்டுநில நகரமான குயூர்பிப்பில் ஒரு பெட்டா மீன் தொட்டியின் அடியில் அசையாமல் கிடந்தால், நோயைவிடக் குளிரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். காவடி எடுக்கும் தைப்பூச வெயிலில் போர்ட் லூயிஸில் அதே மீன் நீர்ப்பரப்பிலேயே தொங்கிக்கொண்டு வேகவேகமாகச் செவுளை அசைத்தால், முதல் சந்தேகம் சூட்டின் மேல். ஆனால் இரண்டு வீட்டிலும் முதலில் தேடப்படுவது மருந்துப் புட்டி. அந்தப் புட்டியைக் கையில் எடுக்கும் முன் தெர்மோமீட்டரையும் தண்ணீர் சோதனைச் சொட்டு மருந்தையும் எடுக்கப் பழகிவிட்டால், பெட்டா வளர்ப்பில் பாதி வேலை முடிந்தது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் காணொளிகள் ஹீட்டர் தேவையே இல்லை என்கின்றன. பிரெஞ்சுக் கையேடுகளோ ஹீட்டர் இல்லாமல் மீனையே வாங்காதே என்கின்றன. இந்தத் தீவில் இரண்டும் பாதி சரி. கடலோரத்துக்கும் சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் குயூர்பிப்புக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. தொட்டித் தண்ணீருக்கோ அது வேறு நாடு.

இது எப்படிப்பட்ட மீன்

இங்கே பிரெஞ்சுப் பழக்கத்தில் ‘கொம்பாத்தாங்’ என்று கேட்டு வாங்கும் மீன் இதுதான். அறிவியல் பெயர் பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ். சொந்த ஊர் தாய்லாந்து. 2019இல் அந்நாட்டு அரசு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. வயல், வாய்க்கால், புல் அடர்ந்த சதுப்பு என்று ஆழம் குறைந்த, மெல்ல நகரும், வெதுவெதுப்பான நீர்தான் அதன் உலகம். வெயிலில் காயும் அத்தகைய நீரில் பிராணவாயு குறைந்துபோகும். அதைச் சமாளிக்கச் செவுளுக்கு மேலே லேபிரிந்த் என்ற மடிப்பு மடிப்பான உறுப்பு இருக்கிறது. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, அதிலிருந்தும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். மொரிசியஸ் நீர்நிலைகளில் வாழும் கூராமியும் இதே குடும்பம்தான். தமிழ்நாட்டுப் பனையேறிக் கெண்டையும் இதே முறையில்தான் மூச்சு விடும்.

கண்ணாடிக் கோப்பையில் பெட்டாவை விற்க முடிவதற்கு இந்த உறுப்புதான் காரணம். மூச்சு முட்டாது, அதனால் சாகாது. ஆனால் காற்றைக் குடிப்பதால் அம்மோனியா உறைக்காமல் போய்விடாது, குளிரும் அப்படியே. கோப்பையில் ஒரு மாதம் தாங்குகிற மீன், சரியான தொட்டியில் 3 ஆண்டு, சில நேரம் 4 ஆண்டுகூட இருக்கும். கடைக்கு வரும் ஆண் மீனுக்கு ஏற்கனவே ஆறு மாதத்துக்கு மேல் வயதாகியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தொட்டி

ஒரு மீனுக்கு 20 லிட்டர். 40 செ.மீ. நீளம், 25 அகலம், 25 உயரம் உள்ள கண்ணாடித் தொட்டியில் 20 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் சரியாக 20 லிட்டர் வரும். மேலே காலியாக விடும் 5 செ.மீ. வீணில்லை, மீன் விழுங்கும் காற்று அங்கேதான் வெதுவெதுப்பாகத் தங்குகிறது. இதைவிடச் சிறிய தொட்டியில் வளர்க்கவே முடியாதா என்றால் முடியும், ஆனால் வேலை கூடும்: 5 லிட்டரில் ஒரு உணவு உருண்டை அழுகினாலே அம்மோனியா ஏறிவிடும், வெப்பம் காலைக்கும் மாலைக்கும் ஊசலாடும். புதிதாக வளர்ப்பவருக்குச் சின்னத் தொட்டி சுலபம் என்பது கடைகள் பரப்பிய மிகப் பெரிய தவறான எண்ணம்.

உயரமான தொட்டியைவிட நீளமான தொட்டி நல்லது. பெரிய துடுப்பைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஏற வேண்டியிருக்கிறதே. மூடி கட்டாயம், பெட்டா குதிக்கும். வடிகட்டிக் குழாய் நுழைகிற விரல் அகல இடைவெளி வழியாகக்கூட வெளியே வந்துவிடும்.

தண்ணீரும் கல்லும் கண்ணாடியும் சேர்ந்து 25 முதல் 30 கிலோ வரும், எனவே உறுதியான மேசை வேண்டும். சன்னல் வெயில் படும் இடம் வேண்டாம். பாசி பிடிக்கும், கோடையில் தண்ணீர் காயும்.

அடியில் 2 அல்லது 3 செ.மீ. பொடிக்கல். இந்தத் தீவின் கருங்கல் எரிமலைக் கல் என்பதால் தண்ணீரின் தன்மையை மாற்றாது. கூர்முனை இல்லாத துண்டுகளைத் தேய்த்துக் கழுவிப் போடலாம். கடற்கரை வெள்ளை மணலும் பவளத் துண்டும் சுண்ணாம்பு. தண்ணீரின் கடினத்தையும் பி.எச். என்ற அமில-கார அளவையும் ஏற்றிவிடும், அவற்றை எடுத்துவருவது சட்டப்படியும் தவறு. ஒரு கல் எந்த வகை என்று சந்தேகம் வந்தால் அதன் மேல் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் வேண்டாம்.

செடிகளில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் மங்கிய வெளிச்சத்திலும் பிழைக்கும். அவற்றின் தண்டைக் கல்லில் கட்டிவிட வேண்டும், மணலில் புதைத்தால் அழுகும். நீர்ப்பரப்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மிதக்கும் செடி இருந்தால் பெட்டாவுக்கு நிம்மதி. ஆனால் கூடுதலாக வளர்ந்ததை ஆற்றிலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள், காயவைத்துக் குப்பையில் போடுங்கள். பிளாஸ்டிக் செடி வாங்கினால் அதன் மேல் ஒரு பழைய பட்டுத் துணியை இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் துடுப்பும் கிழியும்.

வடிகட்டிக்கு, சிறிய ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும். வேகமாகத் தண்ணீர் தள்ளும் ஃபில்டர் பெட்டாவுக்குப் புயலில் சேலை கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி. மீன் ஒரே மூலையில் ஒதுங்கி நின்றாலோ நீந்தும்போது பின்னால் தள்ளப்பட்டாலோ ஓட்டம் அதிகம். ஏர் பம்ப் குழாயில் ஒரு குமிழ் வால்வு போட்டுக் குறையுங்கள்.

வெப்பம்: கடலோரம் வேறு, மேட்டுநிலம் வேறு

பெட்டாவுக்கு வேண்டியது 25 முதல் 27 டிகிரி. 24க்குக் கீழே சோம்பல், 22க்குக் கீழே செரிமானமும் நோய் எதிர்ப்பும் தளரும். 30க்கு மேலே உடல் வேகமாக இயங்கி வேகமாகத் தேயும். எண்ணைவிட நிலைத்தன்மைக்கு மதிப்பு அதிகம்: 24இலேயே நிற்கும் தண்ணீர், பகலில் 28 இரவில் 21 என்று ஆடும் தண்ணீரைவிட மேல்.

ஃபிளிக் ஆன் ஃப்ளாக், கிராண்ட் பே, போர்ட் லூயிஸ் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹீட்டர் பெரும்பாலும் வேலையே செய்யாது. ஜூன் பிறந்ததும் அங்கேயும் இரவில் அறை குளிர்ந்து தண்ணீர் 21, 22க்கு இறங்கும். 25 வாட் ஹீட்டர் ஒன்று போதும். குயூர்பிப், வாக்வா, ஃப்ளோரியால் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் வெளியே 15 டிகிரிக்கும் கீழே போகும். அறை 16 டிகிரியில் இருக்கும்போது தொட்டியை 26இல் நிறுத்த வேண்டுமானால் 20 லிட்டருக்கு 50 வாட் வேண்டும்.

அந்த 50ஐ ஒரே ஹீட்டராக வாங்காமல் இரண்டு 25 வாட்டாக வாங்குவது புத்திசாலித்தனம். ஹீட்டர் கெடுவது இரண்டு விதத்தில்: ஒன்று அணைந்தே போகும், இல்லை எரிந்தே நிற்கும். 20 லிட்டரில் 100 வாட் ஹீட்டர் ஒன்று எரிந்தபடியே சிக்கிக்கொண்டால் மணிக்கு ஏறக்குறைய 4 டிகிரி ஏறும். நீங்கள் காலையில் வேலைக்குப் போய் மதியம் திரும்புவதற்குள் மீன் வெந்திருக்கும். இரண்டு சின்ன ஹீட்டரில் ஒன்று சிக்கினாலும் ஏற்றம் மெல்லத்தான் இருக்கும். ஒன்று அணைந்தாலும் மற்றது கொஞ்சம் தாங்கும்.

ஹீட்டரைத் தொட்டியின் பின்சுவரில் படுக்கை வாக்கில், ஃபில்டர் குமிழிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். தெர்மோமீட்டரை எதிர்மூலையில் வையுங்கள். ஹீட்டரில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் தெர்மோமீட்டர் காட்டுவதைப் பார்த்துத் திருகுங்கள். தண்ணீர் மாற்றும்போது முதலில் சுவிட்சை அணைத்து 15 நிமிடம் ஆறவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீருக்கு வெளியே வந்த சூடான கண்ணாடிக் குழாய் விரிசல் விடும். இங்கே இரண்டு முள் பிளக்கும் மூன்று முள் சாக்கெட்டும் கலந்து கிடப்பதால் தளர்ந்த அடாப்டரில் ஹீட்டரைச் செருகும் வழக்கம் உண்டு. வேண்டாம். வயர் சாக்கெட்டுக்குக் கீழே வளைந்து தொங்கி மேலே ஏறட்டும். சொட்டும் நீர் அந்த வளைவில் விழும், சாக்கெட்டுக்குள் போகாது.

கோடையில் எதிர்ப் பிரச்சினை. தண்ணீர் 31 தாண்டினால் மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலைத் துணி ஒன்றை இறுகக் கட்டி, நீர்ப்பரப்பின் மேல் சாய்வாகச் சின்ன மின்விசிறியை ஓடவிடுங்கள். ஆவியாதலிலேயே 2, 3 டிகிரி இறங்கும். குறைந்த நீரை நாள்தோறும் ஈடுகட்ட வேண்டும். ஐஸ் கட்டியைப் போடாதீர்கள். திடீர் வீழ்ச்சி சூட்டைவிடக் கொடியது.

தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. அது மீனின் செவுளைச் சுடும், ஃபில்டரில் குடியிருக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாவையும் கொல்லும். மொட்டைமாடித் தொட்டியில் நின்று வரும் தண்ணீரில் குளோரின் குறைந்திருக்கலாம், ஆனால் எவ்வளவு என்று கண்ணால் தெரியாது. குளோரின் நீக்கும் சொட்டு மருந்தை ஒவ்வொரு முறையும் புட்டியில் எழுதிய அளவில் வாளியிலேயே கலந்துவிடுங்கள். வாளியில் 24 மணி நேரம் திறந்துவைத்தாலும் குளோரின் போகும், ஆனால் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் இருந்தால் அது போகாது. அப்படி வைத்தால் வலை போட்டு மூடுங்கள். 2006இல் சிக்குன்குனியா இந்தத் தீவைப் படுத்தியபாட்டை நினைவுவைத்திருப்பவர்களுக்குத் திறந்த வாளி ஏன் கூடாது என்று சொல்லவேண்டியதில்லை.

அடுத்தது, மீன் வாங்கும் முன் தொட்டியைப் பழக்குவது. பலரும் தாண்டிப் போகும் படி இதுதான், முதல் மாதத்தில் மீன் செத்துப்போவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். மீனின் கழிவும் மிச்ச உணவும் அம்மோனியாவாக மாறும். ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அது கேடு குறைந்தது, வாராந்தர நீர் மாற்றத்தில் போய்விடும். இந்த இரு வகையும் ஸ்பாஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும்.

செய்முறை: தொட்டியை அமைத்து, குளோரின் நீக்கிய தண்ணீர் நிரப்பி, 27 டிகிரியில் ஃபில்டரை இரவு பகலாக ஓடவிடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள்; அது அழுகி அம்மோனியா தரும். மூன்று நாளுக்கு ஒருமுறை சொட்டுச் சோதனை செய்யுங்கள். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்க நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கி நைட்ரேட் தலைகாட்டும். உணவு போட்டும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யமாக இருந்தால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீனை வாங்கப் போங்கள். நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவருடைய ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி, காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் போட்டால் இந்த ஆறு வாரம் ஓரிரு வாரமாகச் சுருங்கும். கடையில் விற்கும் எந்தப் பாக்டீரியாப் புட்டியையும்விட இது நம்பகமானது.

மீனை ஏற்கனவே வாங்கிவிட்டீர்களா? அப்படியானால் ஒருநாள் விட்டு ஒருநாள் மிகக் குறைவாக உணவு, தினமும் சோதனை. அம்மோனியாவோ நைட்ரைட்டோ லிட்டருக்கு 0.25 மி.கி. காட்டினால் அன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

பி.எச். 6.5 முதல் 7.5 வரை நல்லது. 8 வரை பழகிக்கொள்ளும். அதை மருந்து ஊற்றி ஏற்றி இறக்குவதுதான் ஆபத்து. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: பி.எச். 7இலிருந்து 8க்கு ஏறினால் அதே அளவு அம்மோனியாவின் நச்சுப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகும். பவள மணல் போட்ட, பழகாத தொட்டி ஏன் இரட்டை அபாயம் என்று இப்போது புரியும்.

நடைமுறைக்கு வந்தபின் வாரம் ஒருமுறை 5 முதல் 6 லிட்டர் மாற்றினால் போதும். புதுத் தண்ணீர் தொட்டியைவிட 2 டிகிரிக்கு மேல் வித்தியாசப்படக்கூடாது. ஆடி மாதக் காலையில் குழாயிலிருந்து நேராக ஊற்றினால் மீன் அதிர்ந்துபோகும், கெட்டிலில் காய்ச்சிய நீரை வாளியில் கலந்து சரிசெய்யுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில் பிழிந்தால் போதும்.

பதாமியே இலை

பெட்டாவுக்கு என்று வெளிநாட்டுக் கடைகள் பாக்கெட்டில் போட்டு விலைவைத்து விற்கும் இலை, இங்கே கடற்கரையெங்கும் காலடியில் சருகாகக் கிடக்கிறது. பதாமியே மரம்தான் நம் நாட்டு வாதுமை. தானாக உதிர்ந்து பழுப்பாகக் காய்ந்த இலையாக எடுங்கள். பச்சை இலையும் செம்மஞ்சள் இலையும் தொட்டியில் அழுகும். சாலை ஓரத்து மரத்தையும் பூச்சிமருந்து தெளிக்கும் ஹோட்டல் தோட்டத்தையும் தவிர்த்துவிடுங்கள். கடற்காற்றின் உப்புப் போக நன்றாகக் கழுவி, கொதிநீர் ஊற்றி வடித்து, 20 லிட்டருக்கு ஒரு நடுத்தர இலை. இரண்டு நாளில் அடியில் இறங்கும், தண்ணீர் வெளிர்த் தேநீர் நிறமாகும். மூன்று நான்கு வாரத்தில் நரம்பு மட்டும் மிஞ்சும்போது மாற்றுங்கள். அதன் டானின் என்ற துவர்ப்புப் பொருள் தண்ணீரைச் சற்றே அமிலமாக்கும், வெளிச்சத்தை மங்கலாக்கி மீனைச் சாந்தப்படுத்தும். நோய்க்கு மருந்து என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

நடத்தையைப் படிப்பது

மீனை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரம் எதையும் முடிவுகட்டாதீர்கள். பையோடு 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரைக் கோப்பை தொட்டித் தண்ணீரைப் பையில் சேர்த்து, அரை மணியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத்தண்ணீர் சாக்கடைக்கு. அன்று விளக்கு வேண்டாம், உணவும் வேண்டாம். ஒளிவது, கண்ணாடியோரம் ஓடுவது, நிறம் வெளிறுவது எல்லாம் நான்கைந்து நாள் இயல்பு.

காற்று குடிக்க மேலே வருவது மூச்சு. அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. வந்து ஒரு வாய் விழுங்கி உடனே திரும்பினால் சரி. மேலேயே தங்கி, செவுள் படபடக்க, வாய் ஓயாமல் திறந்து மூடினால் சரியில்லை. முதலில் வெப்பம், பிறகு அம்மோனியா, பிறகு நைட்ரைட் என்ற வரிசையில் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால்தான் செவுள் ஒட்டுண்ணியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

செவுள் மூடியை விரித்து, தாடிபோல் சவ்வைத் தொங்கவிட்டு, துடுப்பு எல்லாம் விறைக்க நிற்பது மிரட்டல். எதிரே இன்னொரு ஆணையோ தன் பிம்பத்தையோ பார்க்கிறது. கைக்கண்ணாடியை நாளுக்கு இரண்டு மூன்று நிமிடம் காட்டுவது உடற்பயிற்சி. மலம் இளகவும் உதவும். நாள்முழுதும் விரித்துக்கொண்டே இருப்பதுதான் துன்பம். அறை இருட்டாகவும் தொட்டி பளிச்சென்றும் இருந்தால் உள்ளிருந்து பார்க்கும் மீனுக்கு நான்கு சுவரும் நிலைக்கண்ணாடிதான். பின்பக்கமும் பக்கவாட்டிலும் வெளியே கருநீலத் தாள் ஒட்டுங்கள், அறை விளக்குக்கு முன்னால் தொட்டி விளக்கை அணையுங்கள்.

கண்ணாடியோரம் மேலும் கீழுமாக ஓயாமல் ஓடுவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காரணம் பிம்பம், நெருக்கடி, நீரோட்டம், கெட்ட தண்ணீர் இவற்றில் ஒன்று. ஒரே நாளில் நான்கையும் மாற்றாதீர்கள். மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

நுரைக்கூடு கட்டினால் மீன் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று பலர் வாழ்த்துச் சொல்வார்கள். ஆண் மீன் முட்டைகளை வைக்க எச்சில் பூசிய குமிழிகளால் கட்டும் தொட்டில் அது. பருவம் வந்த ஆண் கட்டும், அவ்வளவுதான். மோசமான தண்ணீரிலும் கட்டும். கட்டாததால் மீனுக்குக் குறையும் இல்லை. நீர் மாற்றும்போது கலைந்தால் கலையட்டும், மறுபடி கட்டிக்கொள்ளும்.

அடியில் கிடப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரவில் இலைமேல் ஒருக்களித்து, நிறம் மங்கி, பார்ப்பவர் நெஞ்சு திக்கென்னும்படி உறங்கும். விளக்குப் போட்டதும் எழுந்து உணவுக்கு வந்தால் கவலையில்லை. பகலிலும் எழாமல், துடுப்பை உடலோடு ஒட்டி மடித்துக்கொண்டு கிடந்தால் தெர்மோமீட்டரைப் பாருங்கள். 23க்குக் கீழே இருந்தால் ஹீட்டரைத் திருகி மணிக்கு ஒரு டிகிரி வீதம் ஏற்றுங்கள். வெப்பம் சரியாக இருந்தும் துடுப்பு மடிந்தே இருந்தால் இருட்டில் கைவிளக்கைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். தோல்மேல் பொன்துகள் தூவினாற்போல் மின்னினால் அது வெல்வெட் ஒட்டுண்ணி. உப்புக்கல் ஒட்டினாற்போல் தனித்தனி வெள்ளைப் புள்ளி என்றால் இக். இரண்டுக்கும் கடை மருந்து உண்டு. மருந்து போடும் நாட்களில் ஃபில்டரில் கரித்தூள் இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மருந்தை அதுவே குடித்துவிடும். பெண் மீனின் வயிற்றடியில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி இருப்பது முட்டைக் குழாய். அதற்கு இக் மருந்து ஊற்றியவர்கள் உண்டு.

உடம்பைக் கல்லிலும் செடியிலும் உரசுவது நீர் மாற்றிய சில நிமிடத்திலேயே தொடங்கினால், குளோரின் நீக்கி போட மறந்தீர்களா என்று பாருங்கள். நாட்கணக்கில் உரசினால் ஒட்டுண்ணி.

வால் கிழிந்திருப்பதற்கு மூன்று காரணம், மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒரே இரவில் அரைவட்டமாக, ஓரம் சுத்தமாகக் காணாமல் போயிருந்தால் மீன் தானே கடித்தது. அகன்ற பெரிய வால் வகைகளில் இது சகஜம். வால் பாரமாக இருக்கிறது, நீரோட்டத்தைக் குறையுங்கள். நேர்க்கோடாகக் கிழிந்திருந்தால் ஏதோ பொருளில் மாட்டியது. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஓரம் கறுத்தோ சிவந்தோ இருந்தால்தான் துடுப்பு அழுகல். அதற்கும் முதல் மருந்து தண்ணீரே: ஒருநாள் விட்டு ஒருநாள் கால்பங்கு மாற்றுங்கள். ஒரு வாரத்தில் நிற்காவிட்டால் தனிப் பாத்திரத்தில் 4 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி அயோடின் சேராத உப்பைக் கரைத்து, அதிகபட்சம் பத்து நாள். பிறகு வளரும் புது ஓரம் கண்ணாடிபோல் நிறமின்றி வரும். அதைப் பூஞ்சை என்று நினைத்து மறுபடி மருந்து ஊற்றாதீர்கள்.

வயிறு உப்பினால் மேலிருந்து பாருங்கள். செதில் படிந்தே இருந்தால் பெரும்பாலும் மலச்சிக்கல்; இரண்டு மூன்று நாள் பட்டினி, பிறகு டாஃப்னியா என்ற சிறு நீர்ப்பூச்சி உணவு. பட்டாணியை உரித்துப் போடும் பழக்கம் ஊன் உண்ணும் இந்த மீனுக்குப் பொருந்தாது. செதில் எல்லாம் சவுக்குக் காய்போல் விரிந்து நின்றால் உள்ளே சிறுநீரகம் கெட்டு நீர் கோத்திருக்கிறது, மீள்வது அரிது.

நிறம் மாறுவது எப்போதும் நோயல்ல. பயந்த பெண் மீனிலும் இளமீனிலும் கிடைக்கோடு தெரியும், முட்டையோடு தயாரான பெண்ணில் நெடுக்கோடு தெரியும். மார்பிள் வகை வாழ்நாள் முழுதும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். நீலமாக வாங்கியது அடுத்த ஆண்டு வெள்ளையாக இருந்தால் கடைக்காரர் ஏமாற்றவில்லை.

உணவும் கூட்டாளிகளும்

காலை இரண்டு மூன்று, மாலை இரண்டு மூன்று உருண்டை, வாரம் ஒருநாள் விரதம். உருண்டை 1 மி.மீ. அளவில், மூலப்பொருளில் முதலிடம் மீனோ இறாலோ உள்ளதாக இருக்கட்டும். இரண்டு நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் வந்தாலே ஓடிவந்து கெஞ்சும். பசி அல்ல, உங்களை அடையாளம் கண்டுகொண்டது. கொசுப்புழு இதற்கு அமுதம், ஆனால் அதற்காக வீட்டில் தண்ணீர் தேக்குவது அண்டை அயலாருக்குச் செய்யும் கெடுதல். உறைந்த ஆர்ட்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறால் வாரம் இருமுறை போதும்.

இரண்டு ஆண் ஒரு தொட்டியில் கூடாது. ஆணும் பெண்ணும் சேர்த்தும் நிரந்தரமாக வைக்கக்கூடாது. கப்பியின் வாலை எதிரியின் வால் என்று நினைத்துக் கிழிக்கும், கூராமியோடு சண்டை மூளும், டைகர் பார்ப் பெட்டாவின் வாலைக் கிழிக்கும். 20 லிட்டரில் ஒரு நத்தை போதும். கூட்டாளி இல்லையே என்று ஏங்குகிற மீன் இதுவல்ல.

புயல் நாட்கள்

முதல் எச்சரிக்கை வந்ததுமே வழக்கமான நீர் மாற்றத்தை முடித்து, இரண்டு மூடிய வாளியில் குளோரின் நீக்கிய தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். புயலுக்குப் பின் குழாய் நிற்கலாம், வந்தாலும் கலங்கி வரும். இரண்டாம் எச்சரிக்கையில் உணவை நிறுத்துங்கள். நல்ல உடம்புள்ள பெட்டா ஐந்தாறு நாள் பட்டினியைத் தாங்கும், உணவில்லாவிட்டால் கழிவும் குறைவு. மின்சாரம் போனதும் ஹீட்டர், பம்ப் பிளக்குகளைக் கழற்றுங்கள். திரும்பி வரும்போது தாக்கும் மின்னழுத்தம் ஹீட்டரைக் கெடுக்கும். எக்ஸ்டென்ஷன் பலகை தரையில் கிடக்கக்கூடாது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் அடித்துச் செல்லப்பட்டதைப் பார்த்தவர்களுக்குத் தரைமட்டத்தின் ஆபத்து தெரியும்.

ஃபில்டர் நின்றால் மீனுக்கு உடனடி ஆபத்தில்லை, காற்றைக் குடித்துக்கொள்ளும். தவிப்பது ஸ்பாஞ்சிலுள்ள பாக்டீரியா. தொட்டிக்குள்ளேயே இருக்கும் திறந்த ஸ்பாஞ்ச் ஓரளவு தாங்கும். பேட்டரி ஏர் பம்ப் இருந்தால் மணிக்குப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். மூடிய பெட்டிக்குள் இருக்கும் ஃபில்டர் சில மணி நேரத்திலேயே உள்ளே அழுகும். மின்சாரம் வந்தவுடன் அதை அப்படியே ஓடவிட்டால் அந்த நஞ்சு முழுதும் தொட்டிக்குள் கொட்டும். கழற்றி, உள்நீரைக் கொட்டி, தொட்டி நீரில் அலசிய பிறகே ஓட்ட வேண்டும். அடுத்த ஒரு வாரம் தினமும் அம்மோனியா சோதனை, உணவு பாதி. கூரை மழைநீரை அவசரத்துக்கு ஊற்றிவிடாதீர்கள். அழுக்கு ஒருபுறம், தாதுச் சத்தே இல்லாததால் பி.எச். நிலைக்காது.

வயதான மீன்

இரண்டரை வயதுக்கு மேல் முதுகு சற்றே கூனும், கண் மங்கும், மேலே ஏற மூச்சு வாங்கும். நீர்மட்டத்தை 15 செ.மீ.க்கு இறக்குங்கள். அளவு குறைவதால் தண்ணீரை வாரம் இருமுறை கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பரப்புக்கு இரண்டு விரற்கடை கீழே ஒரு அகன்ற அனுபியாஸ் இலையைச் சாய்த்துவையுங்கள். அதில் படுத்தபடியே தலையை நீட்டிக் காற்றுக் குடிக்கும். உருண்டையைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, எப்போதும் ஒரே மூலையில் போடுங்கள். கண் தெரியாவிட்டாலும் அந்த மூலைக்கு வந்துவிடும்.